ஊசி போட்ட மாட்டின் உடம்புக்குள்ளே

2021ஆம் ஆண்டில் தோல் கழலை நோய் தீபகற்ப மலேசியாவில் தலைகாட்டியதை மாடு வளர்ப்பவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். உடம்பெல்லாம் புளியங்கொட்டை அளவிலும் எலுமிச்சம்பழ அளவிலும் கழலைகள், காய்ச்சல், கால்வீக்கம், பால் வற்றிப்போதல். கொசுவும் ஈயும் உண்ணியும் அந்தக் கிருமியை ஒரு மாட்டிலிருந்து இன்னொரு மாட்டுக்குக் கொண்டுபோயின. கால்நடை இலாகாவினர் ஊசி மருந்தோடு வந்தார்கள். நாம் பணியாற்றும் பள்ளிக்குப் பின்னால் மாடு கட்டியிருந்த ஒரு குடும்பத்துக்கும் வந்தார்கள். திங்கட்கிழமை ஊசி போட்டது. வியாழக்கிழமை கறவைப் பசுவின் கழுத்தில் கழலை எழும்பிவிட்டது.

அந்த வீட்டுப் பாட்டி பள்ளிக்கூட வேலிக்கு வந்து நின்று கேட்டார்: "நல்லாத் தின்னுக்கிட்டு இருந்த மாடு, வாத்தியாரே. ஊசியப் போட்டுத்தானே நோயாக்கிட்டாங்க? இனிமே எங்க கொட்டாய்ப் பக்கம் எவனும் ஊசியத் தூக்கிக்கிட்டு வரக்கூடாது."

பசு பிழைத்துக்கொண்டது. ஆனால் அந்த ஈற்றில் பால் திரும்பவில்லை. பாலை விற்றுப் பேத்தியின் பள்ளிச் செலவைப் பார்த்து வந்த வீடு அது. பாட்டியின் கோபம் நியாயமில்லை என்று சொல்ல நமக்கு வாய் வரவில்லை. ஆனால் அவர் கேட்ட கேள்விக்கு விடை இருக்கிறது. திங்களுக்கும் வியாழனுக்கும் நடுவில் அந்தப் பசுவின் உடம்புக்குள்ளே என்ன நடந்தது, என்ன நடக்க நேரமில்லாமல் போயிற்று என்பதுதான் அந்த விடை. அதையே இன்றைக்குப் பேசலாம்.

மாட்டின் இரத்தத்தில் சிவப்பு அணுக்களோடு வெள்ளை அணுக்களும் ஓடுகின்றன. வெள்ளை அணுக்களில் ஒரு வகை நிண அணுக்கள். அந்த நிண அணுக்களில் ஒரு பிரிவுக்கு டி அணுக்கள் என்று பெயர். தைமஸ் என்ற சுரப்பியில் இவை தேர்ச்சி பெற்று வருவதால், அந்தச் சுரப்பியின் முதல் ஆங்கில எழுத்தை வைத்து விஞ்ஞானிகள் அப்படி அழைத்தார்கள். கன்றுக்குட்டியில் இந்தச் சுரப்பி கழுத்திலும் நெஞ்சிலும் நீண்டு பெரிதாக இருக்கும். வயது ஏற ஏறச் சுருங்கும். அங்கே தேறி வந்த டி அணுக்கள் இரத்தத்திலும், உடம்பெங்கும் உள்ள நிணநீர்க் கணுக்களிலும் மாறி மாறிச் சுற்றிக்கொண்டிருக்கும். நிணநீர்க் கணு என்றதும் மிரள வேண்டாம். காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் "நெறி கட்டியிருக்கிறது" என்கிறோமே, அந்த நெறிதான் அது.

ஒரு டி அணு மிகமிகச் சிறியது. நூறுக்கு மேற்பட்ட டி அணுக்களை ஒட்டி ஒட்டி வரிசையாக வைத்தால்தான் ஒரு மில்லிமீட்டர் வரும். இவ்வளவு சிறிய பொருளுக்கும் ஒரு மேல்தோல் உண்டு. நீரில் மிதக்கும் எண்ணெய்ப் படலம் போன்றது அந்தத் தோல். அதில் ஆயிரக்கணக்கான புரத மூலக்கூறுகள் செருகி நிற்கின்றன. பாதி உள்ளே, பாதி வெளியே. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதிதான் டி அணுவுக்குக் கண், காது, கை எல்லாம். வெளியில் அந்தப் பகுதியைத் தொட்டால் உள்ளே செய்தி போகும்.

இது எப்படித் தெரிய வந்தது என்பது சுவையான கதை. 1960ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பிலடெல்பியா நகரில் பீட்டர் நோவெல் என்ற ஆராய்ச்சியாளர் மனித இரத்தத்திலிருந்து வெள்ளை அணுக்களை மட்டும் பிரித்தெடுக்க விரும்பினார். சிவப்பு அணுக்களைத் திரட்டிக் கீழே தள்ள, சிவப்பு ராஜ்மா அவரையிலிருந்து எடுத்த ஒரு சாற்றைக் கலந்தார். சில நாள் கழித்துப் பார்த்தால், இனி பெருகாது என்று எல்லாரும் முடிவு கட்டியிருந்த நிண அணுக்கள் பருத்து, இரண்டிரண்டாகப் பிரிந்துகொண்டிருந்தன. கிருமி இல்லை, நோய் இல்லை; அவரைச் சாறு மட்டுந்தான். அந்தச் சாற்றில் இருந்த புரதம் நிண அணுவின் மேல்தோலில் சர்க்கரை பூசி நிற்கும் மூலக்கூறுகளைக் கவ்விப் பிடித்து ஒன்றாக இழுத்திருக்கிறது. அணுவோ, தன்னை யாரோ வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள் என்று ஏமாந்து எழுந்துவிட்டது. (சிவப்பு அவரையை நன்றாகக் கொதிக்க வைக்காமல் தின்றால் வாந்தி எடுப்பதும் இதே புரதத்தால்தான். வீட்டில் இருப்பவர்கள் கவனிக்கவும்.)

மாட்டின் டி அணுவையும் இப்படி ஏமாற்றலாம். வாளவரை இனத்தைச் சேர்ந்த ஓர் அவரையில் கான்கனாவலின் என்ற புரதம் இருக்கிறது. ஜேம்ஸ் சம்னர் என்ற அமெரிக்கர் 1919இல் அதைப் பிரித்தெடுத்தார். கால்நடை ஆராய்ச்சிக் கூடங்களில் பசுவின் இரத்தத்திலிருந்து நிண அணுக்களைப் பிரித்து, இந்த அவரைப் புரதத்தில் ஒரு துளி விட்டு மூன்று நாள் சூட்டுப் பெட்டியில் வைப்பார்கள். எவ்வளவு பெருகியிருக்கிறது என்று பார்த்து, அந்தப் பசுவின் டி அணுக்களுக்கு எவ்வளவு தெம்பு இருக்கிறது என்று அளப்பார்கள்.

ஆனால் உயிரோடு இருக்கும் மாட்டுக்குள் அவரைச் சாறு கிடையாது. அங்கே டி அணு எப்படி எழுப்பப்படுகிறது? இதற்கு நமக்குத் தெரிந்த ஒரு காட்சியை நினைவுபடுத்திக்கொள்வோம்.

அந்த நாளில் விடியுமுன்னே பெரட்டுக்களத்தில் எல்லாரும் கூடுவார்கள். முதலில் பெயர் கூப்பிடுவார்கள். பெயர் கூப்பிட்டதனால் மட்டும் வேலை ஆரம்பமாகிவிடாது. எந்தக் காடு, எந்த நிரை என்று சொல்லி அனுப்ப வேண்டும். இரண்டும் நடந்தால்தான் ஆள் வாளியைத் தூக்குவான். பெயரைக் கூப்பிட்டுவிட்டு நிரை கொடுக்காமல் நிற்க வைத்துவிட்டால்? நின்று நின்று பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்புவான். நாலு நாள் அப்படிச் செய்தால், பிறகு கூப்பிட்டாலும் எழுந்து வரமாட்டான்.

டி அணுவின் காரியமும் இப்படித்தான். மாட்டின் தோலிலும் சதையிலும் காவல் அணுக்கள் சில இருக்கின்றன. கிருமி உள்ளே நுழைந்தால் அவை அதை விழுங்கித் துண்டு துண்டாக்கி, ஒரு துண்டை ஒரு தட்டில் வைத்ததுபோலத் தம் மேல்தோலில் ஏந்திக்கொண்டு, பக்கத்து நெறிக்கு ஓடும். அந்தத் தட்டும் ஒரு மேல்தோல் மூலக்கூறுதான். மாட்டில் அதற்குப் போலா என்று பெயர். நெறிக்குள் சுற்றிவரும் டி அணுக்கள் ஒவ்வொன்றாக வந்து அந்தத் துண்டைத் தடவிப் பார்க்கும். ஒவ்வொரு டி அணுவிடமும் ஒரே அச்சில் வார்த்த ஏற்பிகள்தாம் உண்டு; அதற்குப் பொருந்துகிற துண்டு கிடைத்தால்தான் அது நிற்கும். குறிப்பிட்ட ஒரு துண்டுக்குப் பொருந்தும் டி அணு, இலட்சத்தில் ஒன்று இருந்தால் பெரிது. பொருந்தியதும், சி.டி.4 அல்லது சி.டி.8 என்ற இன்னொரு மூலக்கூறு பக்கத்திலிருந்து தட்டைப் பிடித்துக்கொள்ளும்; சி.டி.3 என்ற மூலக்கூறு செய்தியை உள்ளே கடத்தும். இது பெயர் கூப்பிட்டது.

நிரை கொடுப்பது வேறு மூலக்கூறு. டி அணுவின் மேல்தோலில் சி.டி.28 என்று ஒன்று உண்டு. காவல் அணுவின் மேல்தோலில் அதற்கு ஈடாக சி.டி.80, சி.டி.86 என்று இரண்டு உண்டு. இவை கைகோத்தால்தான் இரண்டாவது செய்தி போகும். காவல் அணு இந்தக் கையை எப்போதும் நீட்டிக்கொண்டிருப்பதில்லை என்பதைக் கவனியுங்கள். உண்மையிலேயே ஏதோ ஆபத்து, வீக்கம், சேதம் இருக்கிறது என்று தனக்குத் தெரிந்தால்தான் நீட்டும். இல்லாவிட்டால் மாடு தின்கிற புல்லையும் தன் உடம்புச் சதையையும் பார்த்துக்கூட டி அணுக்கள் சண்டைக்குக் கிளம்பிவிடுமே! முதல் செய்தி வந்து இரண்டாவது வராவிட்டால், டி அணு சோர்ந்து உட்கார்ந்துவிடும். பிறகு கூப்பிட்டாலும் எழாது. பெரட்டுக்களத்தில் நிற்க வைக்கப்பட்டவனைப் போலத்தான்.

இரண்டும் வந்துவிட்டால் என்ன ஆகும்? அதுவரை இல்லாத ஒரு புதிய மூலக்கூறு டி அணுவின் மேல்தோலில் முளைக்கும். அது வளர்ச்சிச் சத்தைப் பிடிக்கும் கை. அந்த வளர்ச்சிச் சத்துக்கு இன்டர்லூக்கின் 2 என்று பெயர். அதை டி அணுக்களே சுரக்கின்றன. தானே சமைத்துத் தானே உண்டு வளர்கிற கணக்கு. பிறகு பிரிகிறது. ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி, பத்து முறை பிரிந்தால் 1,024. இருபது முறை பிரிந்தால் பத்து இலட்சத்தைத் தாண்டிவிடும். நம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைக் கரும்பலகையில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கச் சொன்னோம். பதினைந்தாவது வரியிலேயே பலகையில் இடம் போதாமல் போயிற்று.

ஆனால் கூப்பிட்டு, நிரை கொடுத்து, பருத்து, பெருகி, நெறியை விட்டு வெளியேறிப் போருக்குப் போக நாள் ஆகிறது. டி அணுக்களில் ஒரு பிரிவு எதிர்ப்பொருள் சுரக்கும் அணுக்களையும் தூண்டிவிட வேண்டும். அதற்கும் நாள் ஆகிறது. தோல் கழலைக்குப் போடும் உயிருள்ள மருந்துக்கு ஏறக்குறைய மூன்று வாரம் பிடிக்கிறது. நோயோ, கிருமி நுழைந்து ஒரு வாரத்திலிருந்து நான்கு வாரத்துக்குள் வெளியே தெரிகிறது. பாட்டியின் பசுவுக்குத் திங்கட்கிழமை ஊசி போட்டபோதே கிருமி உள்ளே இருந்திருக்கிறது. கொசு முந்திக்கொண்டது. ஊசி பிந்திவிட்டது. இதில் ஊசியின் குற்றம் ஒன்றும் இல்லை. பக்கத்துத் தோட்டத்தில் நோய் என்று கேள்விப்பட்ட பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்ததுதான் தவறு. அந்தத் தவறில் நமக்கும் பங்குண்டு. இலாகாவினரின் அறிவிப்பு பள்ளிச் சுவரிலேயே ஒட்டியிருந்தது; வீடு வீடாகப் போய்ச் சொல்லவேண்டும் என்று நமக்கு அப்போது தோன்றவில்லை.

மாட்டுக்கே உரிய இன்னொரு செய்தியையும் இங்கே சொல்ல வேண்டும். மனிதனின் டி அணுக்களில் காமா டெல்டா என்ற வகை மிகக் குறைவு. நூற்றுக்கு நாலைந்து தேறினால் அதிகம். ஆனால் கன்றுக்குட்டியின் இரத்தத்தில் ஓடும் நிண அணுக்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல்கூட இந்த வகையாக இருப்பதுண்டு. இவற்றில் பெரும்பாலானவற்றின் மேல்தோலில், மனிதனிடம் இல்லாத ஒரு மூலக்கூறு நிற்கிறது. பல நாட்டு விஞ்ஞானிகள் கூடி மாட்டின் அணுக்களை ஒப்பிட்டுப் பார்த்த பட்டறைகளில், மனித வரிசையில் இதற்கு எண் கிடைக்காததால், டபிள்யூ.சி.1 என்று தனிப்பெயர் வைத்தார்கள். மாட்டின் மரபுப் பொருளில் இதற்கு 13 மரபணுக்கள் இருக்கின்றன. ஒரே கைக்குப் பதின்மூன்று உருவம்! இவற்றில் சில உருவங்கள் எலிக்காய்ச்சலை உண்டாக்கும் லெப்டோஸ்பைரா கிருமியையே நேராகப் பிடிக்கக் கூடியவை என்று கண்டிருக்கிறார்கள். செம்பனைக் காட்டில் எலிக்குக் குறைவில்லை. எலியின் மூத்திரம் கலந்த தண்ணீரில் மாடும் நிற்கிறது, நாமும் நிற்கிறோம். அந்த நோயை எதிர்க்க மாட்டிடம் நம்மிடம் இல்லாத ஒரு கை இருக்கிறது என்பதை எண்ணிப் பார்த்தால், வாயில்லாப் பிராணி என்று இனி அவ்வளவு எளிதாகச் சொல்லத் தோன்றாது.

தன் உடம்பையே தாக்காமல் இருக்க டி அணு எப்படிக் கற்கிறது என்ற பாடத்தையும் உலகத்துக்கு மாடுதான் முதலில் சொல்லிக்கொடுத்தது. காளைக்கன்றோடு இரட்டையாகப் பிறந்த கிடாரி பெரும்பாலும் சினைப்படாது என்று மாடு வளர்ப்பவர்களுக்குத் தெரியும். தாயின் வயிற்றிலேயே இரண்டு கன்றுகளின் இரத்தக் குழாய்களும் இணைந்து, இரத்தம் கலந்துவிடுவதே காரணம். 1945இல் அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ரே ஓவன் என்பவர், அப்படிப் பிறந்த இரட்டை மாடுகள் ஒன்றின் இரத்த அணுக்களை மற்றொன்று வளர்ந்த பிறகும் சுமந்துகொண்டிருக்கக் கண்டார். ஒன்று மற்றதை அந்நியம் என்று விரட்டவில்லை. கருவிலேயே பழகிய மேல்தோல் அடையாளத்தை உடம்பு தன்னுடையது என்று ஏற்றுக்கொள்கிறது என்பது இதிலிருந்து புலப்பட்டது. இந்த வழியில் மேலும் சென்ற பர்னெட், மெடவார் இருவருக்கும் 1960இல் நோபெல் பரிசு கிடைத்தது. ஓவனுக்குக் கிடைக்கவில்லை. நமக்கு இன்றும் அது மனத்தாங்கல்தான்.

இனி, எதிரியின் பக்கம் வருவோம். கதவு இருந்தால் திருடனுக்கும் அது கதவுதானே?

நம் பாட்டன் பூட்டன் காலத்தில் தமிழ்நாட்டு ஊர்களை மாட்டு வெக்கை நோய் கதிகலங்க வைத்தது. 1890களில் அதே நோய் ஆப்பிரிக்காவின் கிழக்கிலும் தெற்கிலும் பரவி, பத்து மாட்டில் எட்டு ஒன்பது என்று அழித்தது. மாட்டை நம்பி வாழ்ந்த மக்கள் பஞ்சத்தில் மடிந்தார்கள். அந்தக் கிருமி மாட்டின் உடம்பில் எதன் வழியாக நுழைந்தது தெரியுமா? எஸ்.எல்.ஏ.எம். என்று ஒரு மேல்தோல் மூலக்கூறு உண்டு. டி அணு எழுந்து வேலைக்குக் கிளம்பும்போது அதிகமாக முளைக்கும் மூலக்கூறு அது. எழுப்புதலுக்குத் துணை செய்வதே அதன் தொழில். அதையே பிடித்துக்கொண்டு வெக்கைக் கிருமி உள்ளே போனது. குழந்தைகளுக்கு வரும் தட்டம்மைக் கிருமி அதற்குப் பங்காளி. அதுவும் இதே வாசலில்தான் நுழைகிறது என்று 2000ஆம் ஆண்டில் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். மறு ஆண்டே வெக்கைக் கிருமிக்கும் அதுதான் வாசல் என்று தெரிந்தது. எந்த அணு காப்பாற்ற எழுகிறதோ அந்த அணுவையே தின்கிற கிருமி! அதனால்தான் வெக்கை வந்த மாட்டை மற்ற நோய்களும் சேர்ந்து பிடித்துக்கொண்டன.

இதற்கு மருந்து கண்டவர் வால்டர் பிளோரைட். கென்யா நாட்டில் முகுகா என்ற ஊரில் இருந்த ஆராய்ச்சிக் கூடத்தில், கண்ணாடிக் குடுவையில் கன்றின் சிறுநீரக அணுக்களை வளர்த்து, அதில் வெக்கைக் கிருமியை மீண்டும் மீண்டும் மாற்றி மாற்றி வளர்த்து, அதன் விஷத்தை இழக்கச் செய்தார். வலு குறைந்த அந்தக் கிருமியை ஊசியில் போட்டால் மாட்டுக்கு நோய் வராது. ஆனால் பெயர் கூப்பிடுவதும் நிரை கொடுப்பதும் முழுமையாக நடந்துவிடும். ஒரே ஊசி, ஆயுளுக்குக் காவல். வெக்கை நோய் கடைசியாகக் கண்டது 2001இல், கென்யாவில். 2011ஆம் ஆண்டில் உலகத்திலிருந்தே அது ஒழிந்தது என்று அறிவித்தார்கள். மனிதரின் பெரியம்மைக்கு அடுத்தபடியாக மனிதன் அடியோடு ஒழித்த நோய் இது ஒன்றுதான்.

அதே ஆப்பிரிக்காவில் வேறொரு எதிரி இன்னும் இருக்கிறது. தெய்லேரியா பார்வா என்ற ஒட்டுண்ணி. மாட்டின் காதில் ஒட்டும் ஒருவகைப் பழுப்பு உண்ணி கடிக்கும்போது இது உள்ளே வரும். டி அணுவின் மேல்தோலில் உள்ள, முன்பு சொன்ன தட்டு மூலக்கூறைப் பற்றிக்கொண்டு சில நிமிடத்தில் அணுவுக்குள் போய்விடும். கிருமிகள் பொதுவாகத் தாம் புகுந்த அணுவைக் கொல்லும். இது கொல்வதில்லை. எழுப்பிவிடுகிறது! பெயரும் கூப்பிடாமல் நிரையும் கொடுக்காமல், உள்ளேயிருந்தே அணுவின் பொறியை முடுக்கிவிடுகிறது. டி அணு ஓயாமல் பெருகுகிறது. ஒவ்வொரு முறை அது இரண்டாகப் பிரியும்போதும், பிரிக்கிற நூல்களைப் பிடித்துக்கொண்டு ஒட்டுண்ணியும் இரண்டாகப் பிரிந்து இரு பக்கமும் போய்ச் சேருகிறது. காதடியில் நெறி கட்டும், காய்ச்சல் அடிக்கும், நுரையீரலில் நீர் கோக்கும். மருந்து கொடுக்காவிட்டால் மூன்று நான்கு வாரத்தில் மாடு விழுந்துவிடும். ஒட்டுண்ணியை மட்டும் கொல்லும் மருந்தைக் கொடுத்தால், வெறிபிடித்துப் பெருகிய டி அணு தானாக நின்றுவிடுகிறது. ஆகவே பெருகுவது மட்டும் காவல் ஆகாது. கூப்பிட்டு எழுந்து பெருகுவதுதான் காவல்.

இந்தக் கொடிய வகை நம் நாட்டில் இல்லை. இருந்தாலும், இதற்கு அங்கே கண்டுபிடித்த தடுப்பு முறையைச் சொல்லாமல் விட முடியாது. மாட்டுக்கு உயிருள்ள ஒட்டுண்ணியையே ஊசியில் ஏற்றி, அதே நாளில் நீண்டநேரம் வேலை செய்யும் டெட்ராசைக்கிளின் மருந்தையும் ஏற்றுவார்கள். ஒட்டுண்ணி தலைதூக்கிக் கொஞ்சம் முகம் காட்டும். மருந்து அதை மீற விடாது. அதற்குள் சி.டி.8 தாங்கிய டி அணுக்கள் அந்த முகத்தைப் படித்துக்கொண்டு, நோய் பிடித்த அணுக்களைத் தேடிக் கொல்லப் பழகிவிடும். கேட்கும்போது குலை நடுங்கும் வைத்தியம். ஆனால் பலித்திருக்கிறது.

எழுப்பத் தெரிந்த உடம்புக்கு அடக்கவும் தெரிய வேண்டும். டி அணுவின் மேல்தோலில் சி.டி.எல்.ஏ.4, பி.டி.1 என்று தடைக்கட்டை மூலக்கூறுகளும் உண்டு. இவற்றைப் பயன்படுத்திப் புற்றுநோய்க்கு மருத்துவம் கண்ட அலிசன், ஹோஞ்சோ இருவருக்கும் 2018இல் நோபெல் பரிசு கொடுத்தார்கள். மாட்டின் இரத்தப் புற்றுக் கிருமி நெடுநாள் குடியிருக்கும் பசுக்களில் இந்தத் தடைக்கட்டை இறுகிப்போய் டி அணுக்கள் களைத்துக் கிடப்பதை ஜப்பானில் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தார் கண்டிருக்கிறார்கள். அது தனியாகப் பேச வேண்டிய விஷயம்.

நம் கொட்டகைக்குத் திரும்புவோம். ஊசியைப் பற்றி நாம் அடிக்கடி கேட்கும் முறையீடு, "போட்ட இடத்தில் கட்டி வந்துவிட்டது" என்பது. கோமாரிக்கும் தொண்டை அடைப்பானுக்கும் போடும் மருந்துகளில் இருப்பது செத்த கிருமி. செத்த கிருமியைப் பார்த்துக் காவல் அணுக்கள் அவ்வளவாக அலட்டிக்கொள்ளா. பெயர் கூப்பிடும், நிரை கொடுக்காது. அதனால் மருந்தில் எண்ணெயோ அலுமினிய உப்போ கலக்கிறார்கள். சில மருந்தில் சபோனின் கலக்கிறார்கள்; சீயக்காய் நுரைக்கிறதே, அந்த நுரைக்குக் காரணமான பொருளின் இனம். இது அந்த இடத்தில் ஒரு சிறு எரிச்சலை உண்டாக்கும். காவல் அணு, "அட, ஆபத்து இருக்கிறது" என்று இரண்டாவது கையை நீட்டும். நீங்கள் கையால் தடவிப் பார்க்கும் அந்தக் கட்டி, உள்ளே நிரை கொடுக்கிற இடம். எலுமிச்சை அளவு இருந்து மெல்ல மெல்லக் கரைந்தால் பயமில்லை. சீழ் பிடித்தாலோ, மாடு மூச்சுத் திணறினாலோ உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

முதல் ஊசிக்குப் பிறகு இரண்டாவது ஊசிக்கு வரச் சொன்னால், "அதான் போட்டாச்சே" என்று சிலர் மாட்டை மறைத்துக் கட்டுகிறார்கள். முதல் ஊசியில் இலட்சத்தில் ஒன்றாக இருந்த அணு பெருகி, போர் முடிந்ததும் பெரும்பகுதி செத்துவிடும். நினைவுள்ள சில மட்டும் மிஞ்சும். இரண்டாவது ஊசி அந்த மிச்சத்தை எழுப்புகிறது. இந்தத் தடவை அவை சீக்கிரம் எழும், நிறைய எழும். கோமாரி ஊசியை ஆறு மாதத்துக்கு ஒரு முறை போடச் சொல்வதும், அந்த நினைவு நீண்டநாள் நிற்பதில்லை என்பதால்தான்.

உயிருள்ள மருந்தை வெயிலில் வைத்திருந்தால் அது செத்த தண்ணீர். ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்துப் போடுகிறார்களா என்று பாருங்கள், கேட்பதில் வெட்கமில்லை. காய்ச்சலில் துவண்ட மாட்டுக்கும், நெடுந்தூரம் லாரியில் வந்து இறங்கிய மாட்டுக்கும் அன்றே போட வேண்டாம். களைப்பில் சுரக்கும் சுரப்பு டி அணுவை எழவிடாமல் அமுக்கும். பிறந்த கன்றுக்கு முதல் சில மணி நேரத்துக்குள் சீம்பாலைக் கொடுத்துவிடுங்கள். தாயின் எதிர்ப்பொருள் அதில்தான் வருகிறது. ஒரு நாள் கழிந்தால் கன்றின் குடல் அதை உள்ளே விடாது. ஊசி போட்ட தாயின் கன்றுக்கு, அந்தத் தாய்ப்பொருள் தீரும்வரை ஊசி அவ்வளவாகப் பலிக்காது. ஆகையால் எத்தனையாவது மாதம் என்று மருத்துவர் சொல்கிறாரோ அதுவரை பொறுக்க வேண்டும்.

பாட்டியிடம் இதையெல்லாம் ஒரே நாளில் சொல்லவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நாம். பல சாயங்காலம் ஆயிற்று. சி.டி.28 என்ற பெயர் அவருக்கு வேண்டியிருக்கவில்லை. பெரட்டுக் கதை போதுமாக இருந்தது. "பேரக் கூப்புட்டு நெரை குடுக்கலன்னா எப்படி வாத்தியாரே" என்று நம்மையே திருப்பிக் கேட்டார். அறுபது வருடத்துக்கு முந்திய கோபம் ஏதோ அந்தக் கேள்வியில் இருந்தது.

அடுத்த ஆண்டு அந்தப் பசு ஈன்ற கிடாரிக்குக் கோமாரி ஊசி போட இலாகாவினர் வந்தபோது, கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றவர் பாட்டிதான். இரண்டு நாள் கழித்து வேலியோரம் கூப்பிட்டார். கன்றின் கழுத்தை இரண்டு விரலால் தடவிக் காட்டினார்.

"கட்டி வந்திருக்கு, வாத்தியாரே. குடுத்துட்டாங்க நெரை."